ஒன்பதாவது கட்டம்

திரிபுரசுந்தரி காலமானபோது செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. தார்நாகா ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவர், உலோக அரிப்பு பற்றி ஆராய்ந்தவர், வயது அறுபத்தொன்பது, லோத்குண்டா இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம். எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய கடைசி நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவை ஒரு லாரிக்கு அடியில் போயின.

அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூரிலிருந்து சிகந்தராபாத்துக்கு வந்தவர், ராணுவச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. அதன்பிறகு குடும்பம் திரும்பிப் போகவில்லை. சுந்தரி பேசும் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்வுக்கூடத்து இயக்குநரிடமே ஒருமுறை, "நக்கோ சார், அந்த ரிசல்ட் தப்பு" என்று சொல்லிவிட்டு, மறுப்பைத் தக்கனியில் சொன்னது தெரியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டியவர். இருபத்தாறு வயதில் பெண் பார்க்க வந்தவரிடம், அவருடைய கைக்கடிகாரக் கொக்கியில் பச்சை படிந்திருப்பது எத்தனை நாளாக என்று கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் கையை மடியில் ஒளித்துக்கொண்டார். கல்யாணம் ஏன் அமையவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டதுக்கு ஒருத்தரும் சரியா பதில் சொல்லலை" என்று அதோடு முடித்துவிடுவார்.

வேலையில் அவர் பார்த்ததெல்லாம் இரும்பின் சாவு. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுத் தகடுகளை உப்புப் புகை நிறைந்த பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். இத்தனை நாளில் இத்தனை பங்கு போயிற்று என்று எழுத வேண்டும். முப்பத்துநான்கு வருடம் அப்படி எழுதினார். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இரும்பு எப்படிச் சாகிறது என்பது தெரியும், எப்படிப் பிழைக்கிறது என்று தான் ஒருநாளும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் யூசுப் வந்து லாரியைப் பற்றிச் சொன்னார்.

முகமது யூசுப்புக்குச் சனத்நகரில் லேத் பட்டறை. பூர்வீகம் வாணியம்பாடி. ஆய்வுக்கூடத்துக்குச் சின்னச் சின்ன உருப்படிகள் கடைந்து கொடுத்துப் பழக்கம். சுந்தரியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒருவர் தன் கொட்டகையைக் காலி செய்கிறார், அங்கே ஒரு பழைய ராணுவ லாரி கிடக்கிறது, இரண்டாம் உலகப் போரில் வந்தது, கனடாவில் செய்தது என்றார்.

"எண்பது வருசம் ஆச்சு அக்கா. அடிச்சட்டத்துல ஓட்டை இல்ல. தட்டிப் பாத்தேன், மணி மாதிரி சத்தம்."

"இருக்காது. எண்பது வருஷம் தாங்காது."

"ஹவ், அதைத்தான் நானும் சொல்றேன். தாங்காது. ஆனா தாங்கியிருக்கு."

அன்றே ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தார். மூக்கு நசுங்கிய முகம், குட்டையான உடம்பு, பெரிய சக்கரங்கள். மேலே மஞ்சள் பெயிண்ட், அதற்கடியில் நீலம், அதற்கடியில் பச்சை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதை நம்ம வீட்டுக்குக் கொண்டுவா" என்றார். அதுவரை ஒரு ஸ்கூட்டர்கூட வைத்திருந்ததில்லை.

மூன்றாமவர் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமூர்த்தி. சிவகாசிப் பக்கத்துக்காரர், ராணுவ வண்டிப் பட்டறைகளில் இருபத்தெட்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். கிரேன் லாரியை இறக்குகிற சத்தம் கேட்டு மதில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வீட்டுக்குள் போய், பேன்ட் மாற்றிக்கொண்டு, ஸ்பானர் பெட்டியோடு வந்துவிட்டார். சுந்தரி அவரை ஹவில்தார் என்றே அழைப்பார்.

"சுபேதாருங்கம்மா."

"சரி ஹவில்தார், இந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும்?"

இப்படியே மூன்று வருடம் ஓடியது. கிருஷ்ணமூர்த்தி இன்ஜினைப் பார்த்தார். யூசுப் இல்லாத உறுப்புகளைக் கடைந்தார். சுந்தரி சுரண்டினார். ஒவ்வொரு இடத்தில் சுரண்டியதையும் தனித்தனி உறையில் போட்டு, எங்கே எடுத்தது, எத்தனை அடுக்கு என்று எழுதி வைத்தார். மூன்றாவது அடுக்கில், துருவைத் தடுக்கும் ஈயச் செந்தூரப் பூச்சு இருந்தது. அதைக் கண்ட நாளில் இரண்டு பேருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார். இந்த லாரி ஏன் சாகவில்லை என்பதற்கு அதுதான் முதல் துப்பு என்றார். கிருஷ்ணமூர்த்திக்குத் துப்பு புரியவில்லை, கேசரி நன்றாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு இன்ஜின் உறுமி நின்றது. அடுத்த ஞாயிறு உறுமிக்கொண்டே இருந்தது. அதோடு வேறொரு கவலை ஆரம்பமாயிற்று. லாரியின் மூக்கு சுந்தரி வீட்டு கேட்டைத் தாண்டி அரை மீட்டர் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. பதிவில்லாத வண்டி தெருவில் நிற்கக் கூடாது, இரண்டு மாதத்தில் எடுத்தாக வேண்டும் என்று காலனிச் சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. பழங்கால வண்டி என்று பதிவு செய்துவிட்டால் பிரச்சினை இல்லை. பதிவு செய்ய, அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காகிதம் இருந்தது. ராணுவம் ஏலத்தில் விட்டபோது கொடுத்த மஞ்சளேறிய சீட்டு, ஒன்பது இலக்கம், தெளிவான தட்டச்சு. எண் சேராவிட்டால் வண்டி வெட்டுக்குப் போகும். சட்டம், கூண்டு, சக்கரம் எல்லாம் துண்டு துண்டாக. அப்புறம் ஏன் சாகவில்லை என்ற கேள்வியை யாரிடம் கேட்பது?

"வலது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால, சட்டத்தோட வெளி முகத்துல இருக்கும்" என்று கிருஷ்ணமூர்த்தி விரல் வைத்துக் காட்டினார். அங்கே ஒரு விரல் கனத்துக்கு மண்ணும் கிரீஸும் துருவும் அப்பியிருந்தன. அடுத்த ஞாயிறு மூவரும் சேர்ந்து அதைத் திறப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த ஞாயிறு வந்தது. கிருஷ்ணமூர்த்தி டார்ச் அடித்தார். சட்டம் பளபளவென்று மின்னியது. குனிந்து பார்த்தவர்களின் முகம் அதில் தெரிந்தது. எண் மட்டும் இல்லை.

"என்னங்க இது, இம்மாஞ் சுத்தமா இருக்குது?" என்றார் யூசுப்.

கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"செவ்வாக்கெழமை நான் லேசா கம்பி பிரஷ் போட்டேன். டிரில்லுல மாட்டி. லேசாத்தான். உங்களுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு."

"லேசாவா? எவ்ளோ நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

யூசுப் தரையைப் பார்த்தார். "வெள்ளிக்கெழமை தொழுகை முடிச்சுட்டு இப்பிடிக்கா வந்தேன். வண்டியில கிரைண்டர் இருந்துச்சு."

"கிரைண்டரை எடுத்துக்கிட்டு யாருய்யா தொழுகைக்குப் போறது?"

"நீங்க பிரஷ் போட்டது எனக்கென்ன தெரியும்? கீழ இன்னும் துரு இருக்குதுன்னு நெனச்சு ஒரு வாட்டி இழுத்துட்டேன்."

இருவரும் ஒரே சமயத்தில் சுந்தரியைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"இன்னிக்குக் காலையில. துரு நீக்கற அமில ஜெல். நீங்க வர்றதுக்குள்ள பாத்துடலாம்னு." சற்று நிறுத்தினார். "ரெண்டு தரம் தடவினேன்."

எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் ஆசை. மற்ற இருவருக்கும் அந்த ஆசை இருக்கும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போரையும் கிணற்றடிச் சேற்றையும் எண்பது மழைக்காலங்களையும் தாண்டி வந்த ஒன்பது இலக்கங்களை, லாரியின் மேல் உயிரையே வைத்திருந்த மூன்று பேர் ஒரே வாரத்தில் வழித்தெடுத்துவிட்டார்கள். முதலில் சிரித்தது சுந்தரிதான். அவர் சிரித்ததும் யூசுப்பும் சிரித்தார். கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை யூசுப் ஒரு சிறிய மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எண் பொறிக்கும் உளிகள் வரிசையாக இருந்தன.

"ஒம்பது அடி அக்கா. அஞ்சு நிமிசம். மேல கொஞ்சம் மண்ணைப் பூசிவிட்டா, அவங்க அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்துல இருக்கற நம்பர்தானே? நாம ஒண்ணும் திருட்டு வண்டிக்கு அடிக்கல."

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. சுந்தரி ஐந்தாம் எண் உளியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"அடிச்சா அடியில இருக்கறது செத்துப் போயிடும் யூசுப்."

"அடியில என்ன இருக்குது? அதான் தேச்சுட்டமே."

"பள்ளத்தைத்தான் தேச்சோம். எண்ணைப் பொறிச்ச அன்னிக்குச் சுத்தியல் மேல்தோலை மட்டும் நசுக்கலை. அதுக்கும் கீழ இருக்கற இரும்பையும் நசுக்கியிருக்கு. நசுங்கின இரும்பும் நசுங்காத இரும்பும் அமிலத்துக்கு ஒரே மாதிரி பதில் சொல்லாது. ஒத்தி ஒத்தி எடுத்தா எண் நிழல் மாதிரி மேல வரும். வரலாம்."

படியில் இருந்த கிருஷ்ணமூர்த்தி எழுந்து வந்தார். "வந்து, அது வேற நம்பரா இருந்தா? பட்டறையில சட்டத்தை மாத்திப் போடறதெல்லாம் சாதாரணம். நானே எத்தனை வண்டிக்கு மாத்தியிருக்கேன். வேற நம்பர் வந்தா, பதிவு பண்ண வர்ற ஆபீசர்கிட்ட சொல்லாம இருப்பீங்களாம்மா?"

"இருக்க மாட்டேன்."

"அப்ப தெரிஞ்சுக்கவே வேணாமே! மூணு வருசம்மா. தெரியாம இருக்கறதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

சுந்தரிக்கு இந்த லாரி ரோட்டில் ஓட வேண்டும் என்ற ஆசை அவரைவிடக் குறைவில்லை. உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் எண் அடித்தால் லாரி பிழைத்துவிடும். ஆனால் அதன்பிறகு அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையெழுத்துதான் தெரியும். லாரி சொல்ல வந்தது எது என்று யாருக்கும் என்றைக்கும் தெரியாது. உளியைப் பெட்டியில் அதன் பள்ளத்திலேயே வைத்து மூடினார்.

"ஆபீசர் வரட்டும். அவர் முன்னாலயே ஒத்தறேன்."

"முன்னாடியே ஒரு தடவை பாத்துக்கலாமேக்கா!"

"நசுங்கின படலம் ரொம்ப மெல்லிசா இருக்கு. அமிலம் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தின்னும். ரெண்டாவது தரம் வருமான்னு தெரியாது. கைக்கு டென்ஷன், எதுக்கு அவசரம்? எல்லாருமா சேர்ந்து பார்ப்போம்."

போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். வண்டி தெருவுக்கு வர முடியாது என்பதால் ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். சாய்குமார் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், தலைக்கவசத்தைக் கழற்றாமலே லாரியை ஒரு சுற்று சுற்றினார். பையிலிருந்து பென்சிலையும் டேப்பையும் எடுத்தார். எண்ணின் மேல் டேப்பை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

"நம்பர் எக்கடம்மா?" என்று கேட்டார்.

"இங்கேதான் இருந்தது. நாங்களே தேய்ச்சுட்டோம்" என்று சுந்தரி தெலுங்கில் சொன்னார்.

ஆய்வாளர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருட வேலையில், எண்ணை அழித்துவிட்டோம் என்று வாசலிலேயே நின்று சொன்னவர்களை அவர் பார்த்திருக்க மாட்டார். சுந்தரி கையுறை போட்டுக்கொண்டார். தாமிர உப்பும் அமிலமும் கலந்த கரும்பச்சைத் திரவத்தில் பஞ்சை நனைத்துச் சட்டத்தில் ஒற்றினார். துடைத்தார். மறுபடி ஒற்றினார்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. கிருஷ்ணமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். யூசுப்பின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பதினைந்தாவது நிமிடம் மினுக்கத்தில் ஒரு மங்கல் விழுந்தது. நான்கு. அதற்குப் பக்கத்தில் எட்டு. ஒன்று. ஆறு.

"வருதுக்கா, வருது!"

"கத்தாதே."

ஐந்தாவது இலக்கம் எட்டுபோல் வந்தது. காகிதத்தில் அது மூன்று. சுந்தரி ஒற்றிக்கொண்டே இருந்தார். இடதுபுறத்து வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அது வெறும் கீறல், கிரைண்டர் இழுத்த தடம். மூன்று நின்றது. இரண்டு, ஐந்து, பூஜ்யம். ஒன்பதாவது இடம் மட்டும் வெறும் மங்கலாகவே நின்றது.

தலைக்கவசத்தை எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை, சாய்குமார் தரையில் மண்டியிட்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்" என்றார். "நீங்களே முன்னாடி அமிலத்தால எழுதி வெச்சிருந்தா? நான் எப்படி நம்பறது?"

கிருஷ்ணமூர்த்தியின் முகம் சுண்டியது. சுந்தரியின் முகமோ, வெகுநாள் காத்திருந்த விருந்தாளி வந்ததுபோல் மலர்ந்தது.

"நல்ல கேள்வி! ரொம்ப நல்ல கேள்வி. இந்தாங்க கையுறை. நீங்களே இந்த இடத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி ஒத்துங்க. நான் எழுதியிருந்தா மேல் தோல்லதான் இருக்கும், தேய்ச்சா போயிடும். இடது பக்கச் சட்டத்துலயும் ஒத்திப் பாருங்க. அங்க ஒண்ணும் வரக் கூடாது."

"மறுபடி தேய்க்கறதாம்மா? வந்ததே பெரிசு!" என்று கிருஷ்ணமூர்த்தி தமிழில் பதறினார். "வராம போச்சுன்னா?"

"வராம போனா இவர் சந்தேகம் சரி ஹவில்தார்."

"சுபேதார்" என்றார் அவர், அந்த நிலையிலும்.

ஆய்வாளர் உப்புத்தாளால் தேய்த்தார். எண்கள் போயின. இடது சட்டத்தில் ஒற்றினார், ஒன்றும் வரவில்லை. வலது சட்டத்தில் ஒற்றினார். இந்தத் தடவை இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய கைபேசி அடித்தது, எடுக்கவில்லை. நான்கு வந்தது. எட்டு வந்தது. பூஜ்யம்வரை எட்டு இலக்கங்களும், முன்னைவிட மங்கலாக, ஆனால் அதே இடத்தில் வந்தன. "அப்பா!" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அப்போது அவர் அதிகாரி மாதிரியே இல்லை.

பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். எண்ணுக்கு ஒன்பது கட்டங்கள். எட்டுக் கட்டங்களை நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்தார். "ஏழுதானே?"

யூசுப் வேகமாகத் தலையாட்டினார். கிருஷ்ணமூர்த்தி, "ஏழு, ஏழு" என்றார்.

"ஏழைப் பார்த்தீங்களா?" என்று சுந்தரி கேட்டார்.

"ஏதோ இருக்கற மாதிரிதான் இருக்கு அம்மா."

"இருக்கற மாதிரி இருக்குன்னா, பார்க்கலைன்னு அர்த்தம். பார்த்ததை மட்டும் எழுதுங்க."

"அக்கா!" என்றார் யூசுப். அந்த ஒரு வார்த்தையில் மூன்று வருடமும் இருந்தது.

கட்டம் காலியாக இருந்தால் நான் முடிவு செய்ய முடியாது, மேலே அனுப்ப வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்று சாய்குமார் விளக்கினார். சுந்தரி கேட்டுக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் களைப்புத் தெரிந்தது. மூக்கு நீட்டிக்கொண்டிருந்த தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அனுப்புங்க" என்றார்.

ஆய்வாளர் ஒன்பதாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில், தெளிவில்லை என்று எழுதினார். அடியில், கேட்காமலே, இன்னும் நான்கு வரி எழுதினார். எட்டு எண்களும் இரண்டு முறை என் கண் முன்னால், இரண்டாவது முறை என் கையாலேயே வெளிப்பட்டன என்று.

பதில் வரப் பத்து மாதம் ஆயிற்று. காலனிச் சங்கத்துக்காக வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரை இடித்து லாரியை ஒரு மீட்டர் உள்ளே தள்ளினார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் லாரியின் பின்கதவு தெரிந்தது. அந்தப் பத்து மாதமும் கிருஷ்ணமூர்த்தி தபால்காரரைக் கண்டால் கேட் வரை போவார். யூசுப் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சுந்தரி மருத்துவமனைக்குப் போய்வர ஆரம்பித்தது அப்போதுதான். கேட்டால், "உள்ளுக்குள்ள கொஞ்சம் துரு" என்பார், மேலே பேச விடமாட்டார்.

மறு வருடம் ஆனி மாதத்தில் பதிவுப் புத்தகம் வந்தது. கிருஷ்ணமூர்த்தி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். முதல் ஓட்டம் ஷாமீர்பேட்டை ஏரிவரை என்று முடிவாயிற்று. ஞாயிறு காலை யூசுப் சாமந்தி மாலை வாங்கி வந்து லாரியின் நசுங்கிய மூக்கில் கட்டினார். கிருஷ்ணமூர்த்தி ஓட்டுநர் இருக்கையில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். தெருவே வாசலுக்கு வந்தது.

சுந்தரி புத்தகத்தைத் திறந்து படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஒம்பது எண்ணும் போட்டிருக்காங்களே."

"பின்ன? போடாம?" என்றார் யூசுப். "காகிதத்தைப் பாத்துப் போட்டிருப்பாங்க."

"காகிதத்துல இருக்கறது எனக்கும் தெரியும். இரும்புல இருக்கா?"

"அக்கா, நக்கோ! அதான் புத்தகமே வந்துடுச்சே. இனிமே யாரும் நம்மள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேனே."

உள்ளே போய்ப் பஞ்சும் புட்டியும் கையுறையும் எடுத்து வந்தார். அந்தச் சட்டத்தின் மேல் கிரீஸ் தடவித் துணி சுற்றி வைத்திருந்தார்கள். எட்டு எண்களை அப்படியே மூடிவைத்து, ஒன்பதாவது இடத்தை மட்டும் திறந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, யூசுப் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தரையில் உட்கார முடிந்தது. "இன்ஜினை நிறுத்து ஹவில்தார், ஆடுது" என்றார். இன்ஜின் நின்றது. அஞ்சு நிமிஷம் என்றவர் முக்கால் மணி நேரம் ஒற்றினார். வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் கலைந்து போனார்கள். யூசுப் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கிருஷ்ணமூர்த்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தானும் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மூன்று தலைகளும் ஒரு தீப்பெட்டி அகல இரும்பின் மேல் கவிந்திருந்தன.

"வந்துச்சாம்மா?"

சுந்தரி ஒருபுறம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபுறம் சாய்த்துப் பார்த்தார்.

"ஏழா இருக்கலாம்" என்றார். "ஒண்ணாவும் இருக்கலாம்."

பஞ்சைக் கீழே வைத்தார். அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலால் கிரீஸ் தடவினார். பிறகு கையை நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரை லாரியில் ஏற்றி உட்கார வைத்தார்கள்.